மொழி மாறி மாறிப் பழகியவனுக்கு எக்ஸர்சிசம் எந்த அளவு உதவும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிரல் என்றால் என்னவென்று இனிமேல்தான் தெரிந்துகொள்ளப் போகிறவருக்காக இதை எழுதவில்லை. ஒரு மொழியில் ஏற்கெனவே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருப்பவர், கம்பெனி சொன்னதாலோ தானாகவோ இன்னொன்றுக்குத் தாவவேண்டியவர், இப்படித் தாவித் தாவியே தலை நரைத்தவர், இவர்களுக்கு எக்ஸர்சிசம் என்ற நிரல் பயிற்சித் தளம் பிரயோஜனப்படுமா என்பதுதான் கேள்வி. அவர்கள் காசு கேட்பதில்லை, ஆனால் நேரம் போகிறதே, அதுவும் காசுதான். நான் அந்த நரைத்த ரகம். தொண்ணூறுகளின் நடுவில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மொழியில் கைவைத்தேன், அப்புறம் சி, அப்புறம் பல வருடம் ஜாவா, நடுவில் கொஞ்ச காலம் பெர்ல், பைத்தான், கோ என்று ஒவ்வொன்றாக வந்து, இப்போது கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடி ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு ரஸ்ட் எழுதுகிறேன், ஓய்ந்த நேரத்தில் எலிக்சர் படிக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: எக்ஸர்சிசம் என்பது 2013இல் கேட்ரினா ஓவன் தொடங்கியது. லாப நோக்கமில்லாமல், நன்கொடையிலும் தன்னார்வலர்கள் உழைப்பிலும் ஓடுகிறது. 70க்கும் மேற்பட்ட மொழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ராக், ஒவ்வொரு ட்ராக்கிலும் பத்துக்கணக்கில் சின்னச் சின்னப் பயிற்சிகள். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இருப்பதில் ஆச்சரியமில்லை, கோபோல், ப்ரோலாக், ஆக், எக்ஸ்86 அசெம்ப்ளி, க்ளீம், ஸிக் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஃபாக்ஸ்ப்ரோ இல்லை. 2007இலேயே இனி அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்ட மொழிக்கு யார் ட்ராக் போடுவார்கள், அதில் வருத்தமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

பயிற்சியை உலாவியிலேயே எழுதி அனுப்பலாம். நான் அதைத் தொடுவதே இல்லை. அவர்கள் தருகிற கட்டளைவரிக் கருவியை நிறுவிக்கொண்டால், ட்ராக் பெயரையும் பயிற்சியின் பெயரையும் கொடுத்ததும் விளக்கம், வெற்று நிரல் கோப்பு, நம் நிரல் சரியா என்று சோதிக்கிற டெஸ்ட் கோப்பு எல்லாம் ஒரு கோப்புறையாக நம் கணினிக்கு வந்துவிடும். மொழிக்கான கருவிகளும் நூலகங்களும் ஏற்கெனவே கணினியில் இருந்தால் அப்புறம் இணையமே தேவையில்லை. இது மலையில் இருப்பவனுக்கு எவ்வளவு பெரிய சௌகரியம் என்று கோயம்புத்தூரில் ஃபைபர் இணைப்போடு இருப்பவருக்குப் புரியாது. ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் எங்கேயாவது ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீடியோவாகவே பாடம் நடத்துகிற தளங்களுக்கு நான் பணம் கட்டிப் பார்த்து, பாதி நாள் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். இங்கே காலையில் நாலைந்து பயிற்சியை இறக்கி வைத்துக்கொண்டால் லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை ஓடும். முடித்ததை நெட் வந்தபிறகு அனுப்பிக்கொள்ளலாம்.

டெஸ்ட் கோப்பு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ரஸ்ட், ஜாவா போன்ற ட்ராக்குகளில் முதல் டெஸ்ட் மட்டும் திறந்திருக்கும், மற்றவற்றுக்கு மேலே தவிர்த்துவிடு என்று ஒரு குறிப்பு போட்டிருப்பார்கள். ஒன்றை ஜெயித்ததும் அடுத்ததன் குறிப்பை நீக்கவேண்டும். அவசரக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடலாம், தடையில்லை. ஆனால் புது மொழியில் ஒவ்வொன்றாகப் போவதுதான் நல்லது, எது உடைந்தது என்று தேடவேண்டியதில்லை.

இனி உள்ளே போவோம். எல்லா ட்ராக்கிலும் ஏறக்குறைய அதே பயிற்சிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, இதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. பல மொழி கடந்தவனுக்கு இதுதான் இந்தச் சேவையின் உயிர். கணக்கு தெரிந்தாயிற்று, விடை தெரிந்தாயிற்று, மீதி இருப்பது மொழி மட்டும்தான். லீப் வருடம் கண்டுபிடிக்கிற பயிற்சியில் நாலால் வகுபடவேண்டும், நூறால் கூடாது, நானூறால் என்றால் பரவாயில்லை என்பதை எத்தனை முறைதான் யோசிப்பது? யோசிக்கவேண்டாம். ஜாவாவில் எப்படி எழுதினேன், எலிக்சரில் அதே விஷயத்தை ஃபங்ஷன் தலைப்பிலேயே, வருகிற மதிப்பைப் பொருத்திப் பார்க்கிற பேட்டர்ன் மேட்சிங்காக எப்படிப் பிரித்து வைக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதில் என்னைப் பல நாள் கட்டிப்போட்டது ஒரு சாதாரணப் பயிற்சி, ஒரு சொல்லைத் திருப்பி எழுதுவது. ரஸ்ட் ட்ராக்கில் அதற்கு ஒரு கூடுதல் சவால் வைத்திருக்கிறார்கள், மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்து வந்தால் அது சிதறாமல் திரும்பவேண்டும். அவர்களுக்கு அது கூடுதல் சவால், நமக்கு அன்றாடப் பாடு. நான் அவர்கள் கொடுத்ததை விட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பெயரையே போட்டுப் பார்த்தேன். கோத்தகிரி. நாம் எண்ணினால் கோ, த், த, கி, ரி என்று ஐந்து. ரஸ்ட்டில் நீளம் கேட்டால் 27 என்கிறது, ஏனென்றால் அது யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையின் பைட்டுகளை எண்ணுகிறது, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். குறியீடுகளாக எண்ணச் சொன்னால் 9, அதாவது க தனி, ஓகாரக் குறி தனி, புள்ளி தனி. அந்த ஒன்பதைத் திருப்பினால் ரகரத்துக்கு முன்னாலேயே அதன் இகரக் குறி அந்தரத்தில் தொங்கும், ஓகாரம் ககரத்தை விட்டுத் தகரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், படிக்கவே முடியாது. ஐந்து என்று எண்ணி ஒழுங்காகத் திருப்ப, எழுத்துக்கூட்டு பிரிக்கிற ஒரு வெளி க்ரேட்டை, அதாவது யாரோ எழுதிய நூலகத்தை, சேர்க்கவேண்டும், ரஸ்ட்டின் சொந்த நூலகத்தில் அது கிடையாது. ஜாவாவும் பைத்தான் 3உம் 9 என்கின்றன. கோவும் முதலில் 27தான் சொல்லும், ரூன்களாக, அதாவது குறியீடுகளாக, எண்ணச் சொன்னால் 9. எலிக்சரில் நீளம் கேட்டதும் நேராக 5 என்றது, திருப்பச் சொன்னதும் ரி, கி, த, த், கோ என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. எந்த வெளிச் சரக்கும் சேர்க்காமல். அன்றைக்கே எலிக்சர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது, இன்னும் போகவில்லை.

ஃபாக்ஸ்ப்ரோ காலத்தில் நாங்கள் தமிழ்ப் பெயர்களை பாமினி எழுத்துருவில் அடிப்போம், கணினியைப் பொறுத்தவரை அதெல்லாம் வெறும் ஆங்கில எழுத்துகள். அகரவரிசைப்படுத்தச் சொன்னால் எந்த ஆங்கில விசையில் அடித்தோமோ அந்த ஆங்கில எழுத்தின் வரிசையில் வந்து நிற்கும். அதோடு ஒப்பிட்டால் மேலே சொன்ன எந்த மொழியும் சொர்க்கம்தான்.

அடுத்து இணைப்புப் பட்டியல், லிங்க்டு லிஸ்ட், ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவைக் காட்டிக்கொண்டு போகிற பட்டியல். சி படித்தவனிடம் இதைக் கேட்டால் தூக்கத்தில் எழுதுவான்: ஒரு ஸ்ட்ரக்ட், அதில் அடுத்ததைக் காட்டும் பாயின்டர், மாலக் பண்ணி நினைவகம் வாங்கு, கோத்துவிடு. ரஸ்ட் ட்ராக்கில் எளிய இணைப்புப் பட்டியல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், குறும்புக்காரர்கள். அடுத்த கணு ஒரு பாக்ஸுக்குள் (சொந்தம் கொண்டாடும் பாயின்டர்), அந்த பாக்ஸ் ஒரு ஆப்ஷனுக்குள் (ஏதாவது இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம்). ஏனென்றால் ரஸ்ட்டில் பாயின்டர் காலியாக இருக்கலாமா என்பதையே வகையில் எழுதிக்காட்டவேண்டும், எது யாருக்குச் சொந்தம் என்பதையும் காட்டவேண்டும். பட்டியலைத் திருப்புகிற இடத்தில்தான் வேடிக்கை. சி பழக்கத்தில் கை தானாக அடுத்த கணுவை எடுத்து ஒரு மாறியில் வைக்கப் போகும், கம்பைலர் ஈ0507 என்று ஒரு பிழை எண்ணைப் போட்டு, கடன் வாங்கிய இடத்திலிருந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது என்று அந்த வரிக்குக் கீழே கோடிட்டுக் காட்டும். அந்த எண்ணைக் கொடுத்து விளக்கு என்று கேட்டால் உதாரணத்தோடு முழு விளக்கமும் அங்கேயே வரும், இதற்கும் நெட் வேண்டாம். தீர்வு டேக் என்ற ஒரே ஒரு மெத்தட். ஆப்ஷனில் இருப்பதை உருவிக் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் நன் என்று வைத்துவிட்டுப் போகும். எடுத்தவனுக்கு முழு உரிமை, எடுத்த இடம் காலி. இதை ஒரு முறை விரலால் எழுதிப் பார்த்தபிறகு ரஸ்ட்டின் உடைமை விதிகள் பற்றிப் படித்த பத்துக் கட்டுரைகளும் ஒரே நாளில் புரிந்தன. இந்தப் பயிற்சிக்காகவே ரஸ்ட் ட்ராக்கைச் சிபாரிசு செய்வேன். இரட்டை இணைப்புப் பட்டியலும் இருக்கிறது. ரஸ்ட்டுக்கு வந்த புதிதில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வழிகாட்டிகளுக்கு வருவோம். பயிற்சியை முடித்ததும், யாராவது பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாம், அந்த மொழி தெரிந்த ஒரு தன்னார்வலர் எடுத்துக்கொண்டு உரையாடுவார். இலவசம். இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று கோ ட்ராக்கின் வங்கிக் கணக்குப் பயிற்சியில் வேண்டுமென்றே ஜாவா வாடை அடிக்கிற நிரல் ஒன்றை எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு ஸ்ட்ரக்டுக்குத் தனியாக, என்னென்ன மெத்தடுகள் இருக்கவேண்டும் என்று பட்டியலிடும் ஒரு இன்டர்ஃபேஸ், அதை உருவாக்க ஒரு ஃபாக்டரி, உள்ளே இருப்பதை எடுக்க கெட் என்று தொடங்கும் மெத்தடுகள். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆகவே தானியங்கிக் கருவிகளுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. வழிகாட்டி வந்தார், எது எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கவேண்டும், ஆனால் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த இன்டர்ஃபேஸை யார் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் கேட்டார். கோ மொழியில் இன்டர்ஃபேஸை அதைப் பயன்படுத்துகிறவர்தான் தன் பக்கத்தில் அறிவிப்பது வழக்கம், எழுதுகிறவர் முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கணக்கை மாற்றாமலிருக்கப் போடும் பூட்டைத் திறப்பதை ஒவ்வொரு ரிட்டனுக்கும் முன்னால் எழுதியிருந்ததைக் காட்டி, பூட்டிய அடுத்த வரியிலேயே டிஃபர் போட்டு வைத்துவிட்டால் எந்த வழியாக வெளியேறினாலும் அது திறந்துகொள்ளுமே என்றார். கெட் என்ற முன்னொட்டு இங்கே வேண்டியதில்லை, பேலன்ஸ் என்றாலே போதும் என்றார். அவ்வளவுதான், மூன்றே குறிப்புகள். ஜாவாவிலிருந்து கோவுக்கு மாறி ஒரு குழுவில் வேலை பார்க்கிறவருக்கு இவை சொல்லித்தர ஆளில்லாமல் வருடக்கணக்காக அப்படியே எழுதிக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிரல் ஓடிவிடுகிறது, ஆகவே யாரும் கேட்பதில்லை.

எல்லா வழிகாட்டிகளும் இப்படி அமைவதில்லை. பிரபலமான மொழிகளில் கேட்பவர்கள் அதிகம், வரிசை நீளும். அரிய மொழிகளில் வழிகாட்டிகள் குறைவு, ஆனால் வருகிறவர் அதிலேயே ஊறியவராக இருப்பார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனவரும் எனக்குக் கிடைத்திருக்கிறார். இலவசமாகத் தங்கள் நேரத்தைத் தருகிறார்கள், அதில் குறை சொல்லக்கூடாது, எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். உரையாடல் ஆங்கிலத்தில்தான்.

கற்றல் முறை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதில் கருத்துகளை மரம்போல் வரைந்து, ஒன்றை முடித்தால் அடுத்தது திறக்கும். மாறிக்கு மதிப்புக் கொடுப்பது எப்படி என்று லசான்யா வேகவைக்கிற நேரத்தைக் கணக்குப் போடச் சொல்கிறார்கள். இருபது வருடம் நிரல் எழுதியவனுக்கு இது கொட்டாவி வரவைக்கும். பயிற்சி முறைக்கு மாற்றிக்கொண்டால் எல்லாம் திறந்துவிடும், நேராக அதற்குப் போய்விடுங்கள். விதிவிலக்கு எலிக்சர், அங்கே கற்றல் முறையில் ப்ராசஸ்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைகள், பற்றிய பகுதிகள் வேறு இடத்தில் இவ்வளவு சுருக்கமாக எனக்குக் கிடைக்கவில்லை. ட்ராக்குக்கு ட்ராக் தரம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் கருத்து விளக்கமே கிடையாது, வெறும் பயிற்சிகள்தான். பேட்ஜ், புள்ளி இதெல்லாம் வேறு. என் வயதுக்கு அது வேண்டாம்.

முடித்தபிறகு மற்றவர்களின் தீர்வுகளைப் பார்க்கலாம். இரண்டு மூன்று படித்தால் போதும். பத்துப் பேர் ஒரே வரியில் முடித்துக்காட்டப் போட்டி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து அலுவலகத்தில் எழுதினால் அடுத்த நாள் குழுவில் யாரும் உங்களோடு டீ குடிக்க வரமாட்டார்கள்.

இப்போது குறை. பெரிய குறை.

நான் முதன்முதலில் சம்பளத்துக்கு எழுதிய நிரல், அரவேணு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு இலைக் கணக்கு. சிறு விவசாயிகள் பறித்த பச்சை இலையைக் கொண்டுவந்து போடுவார்கள், எடை, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு, மாதக் கடைசியில் கிலோவுக்கு என்ன விலையோ அதால் பெருக்கி, வாங்கிய முன்பணத்தைக் கழித்து, மீதியைச் சீட்டில் அடித்துக் கொடுக்கவேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவில் அதற்கு யூஸ் என்று டேபிளைத் திறந்து, ஸ்கேன் என்று வரிவரியாக ஓடி, ரிப்ளேஸ் என்று மாற்றி எழுதினால் முடிந்தது. தரவும் மொழியும் ஒரே வீட்டில் குடியிருந்தன. பத்திக்கு இத்தனை இலக்கம், புள்ளிக்குப் பிறகு இரண்டு என்று டேபிள் போடும்போதே சொல்லிவிடுவோம். அதற்குப் பிறகு எந்த மொழிக்குப் போனாலும் நான் முதலில் எழுதிப் பார்ப்பது இந்த இலைக் கணக்கைத்தான், ஒவ்வொரு மொழியிலும் வேறு வேறு இடத்தில் முட்டும். ஜாவாவில் பைசா சுத்தமாக வர பிக்டெசிமல் என்று ஒன்றை எடுத்து, கூட்டலுக்கே ஒரு மெத்தட் அழைத்து எழுதவேண்டும். பைத்தானில் டெசிமல் மாட்யூல் கூடவே வருகிறது. கோவின் சொந்த நூலகத்தில் பதின்ம எண்ணுக்கென்று ஒரு வகையே கிடையாது, ரஸ்ட்டிலும் இல்லை, இரண்டிலும் யாரோ எழுதிய நூலகத்தைத் தேடவேண்டும், அல்லது எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் ஓட்டவேண்டும். 1959இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபோலில் இது பிறவியிலேயே உண்டு என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சாதாரண மிதவைப் புள்ளியில் 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பதை விவசாயியிடம் போய் விளக்க முடியுமா?

எக்ஸர்சிசத்தில் நான் செய்த பயிற்சிகளில் இந்த மாதிரி எதுவும் வரவில்லை. அந்த வங்கிக் கணக்குப் பயிற்சியிலேயே தொகை முழு எண்தான். தரவுத்தளம் கிடையாது, நேர மண்டலம் மாற்றுகிற தலைவலி கிடையாது, நூலகங்களின் பதிப்பு ஒன்றுக்கொன்று மல்லுக்கட்டுவது கிடையாது, கட்டி முடித்த நிரலைச் சர்வரில் ஏற்றுவது கிடையாது. ஆனால் மொழி மாறுகிற ஒருவரின் முதல் மூன்று மாதத்தைத் தின்பது இவைதான். நிரல் எழுதும் இலக்கணம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும், ஜாவாவின் மேவனையும் ரஸ்ட்டின் கார்கோவையும் பைத்தானின் பேக்கேஜ் கருவிகளையும் பழகத்தான் காலம் பிடிக்கும். பைத்தான் 2க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1, பைத்தான் 3 வந்தது 2008. இடைப்பட்ட பதினொரு வருடம் உலகத்தில் பாதிப் பேர் இரண்டு பதிப்புக்கும் நடுவில் நின்று பட்ட பாட்டை எந்தப் பயிற்சி சொல்லித்தரும்? ஒரே மொழிக்குள்ளேயே நடந்த மாற்றம் அது. இந்தப் பக்கத்துக்கு எக்ஸர்சிசம் உதவாது, உதவும் என்று அவர்களும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற என் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தபோது, "மாமா, இப்ப ஏஐ-தான் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடுதே, நீங்க ஏன் இதையெல்லாம் உக்காந்து செய்யறீங்க?" என்றான். "அது எழுதினதைச் சரியான்னு நீ படிச்சுச் சொல்லுடா" என்று ரஸ்ட் நிரல் ஒன்றைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீ போடட்டுமா என்று எழுந்து போய்விட்டான். இப்போது பைத்தான் ட்ராக்கில் சேர்ந்திருக்கிறான் என்று கேள்வி, அவன் அம்மா சொன்னது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், எலிக்சர், ரஸ்ட் ட்ராக்குகளுக்குத் தனியாக நாலரை. இன்னொரு மொழிக்கு மாறப்போகிறவர் இப்படிச் செய்து பாருங்கள்: பயிற்சி முறைக்கு மாற்றுங்கள், உங்கள் பழைய மொழி ட்ராக்கிலும் புது மொழி ட்ராக்கிலும் சேருங்கள், ஒரே பயிற்சியை இரண்டிலும் முடியுங்கள், புதியதற்கு மட்டும் வழிகாட்டி கேளுங்கள். கேட்கும்போது நான் இத்தனை வருடம் இன்ன மொழியில் எழுதியவன், அதன் வாடை எங்கே தெரிகிறது என்று சொல்லுங்கள் என ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், வருகிற பதிலின் தரமே மாறிவிடும். பத்துப் பதினைந்து பயிற்சிக்குமேல் போகவேண்டாம். அதற்குப் பிறகு உங்கள் சொந்த இலைக் கணக்கு எதுவோ அதை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுங்கள், தரவுத்தளம், தேதி, பைசா எல்லாவற்றோடும்.